ஸ்டோர்மாண்டில் ஆள் மாறினால்: வட அயர்லாந்து சட்டமன்றக் காலியிடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே மாதம் நடந்த வட அயர்லாந்து சட்டமன்றத் தேர்தலின் முடிவுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைய அவையைப் பார்த்தால் தலை சுற்றும். பட்டியலில் வென்றவர்கள் பலர் அவையில் இல்லை. அவையில் உட்கார்ந்திருக்கும் பலர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சரி, நடுவில் இடைத்தேர்தல் நடந்திருக்கும் என்று தேடினால் ஒன்றுகூட நடக்கவில்லை. இது எப்படி என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

முதலில், இது எந்தச் சட்டமன்றம்?

லண்டன் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து உருவான மாநில அவை. 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்தில் (புனித வெள்ளி ஒப்பந்தம் என்றும் சொல்வார்கள்) பிறந்தது. பெல்ஃபாஸ்டின் கிழக்கே ஸ்டோர்மாண்ட் என்ற இடத்தில் கூடுகிறது, அதனால் செய்திகளில் அவைக்கே ஸ்டோர்மாண்ட் என்றுதான் பெயர். மொத்தம் 18 தொகுதிகள். ஆரம்பத்தில் தொகுதிக்கு 6 பேர், ஆக 108. 2017 மார்ச் தேர்தலிலிருந்து தொகுதிக்கு 5 பேர், ஆக 90. அங்கேயும் உறுப்பினர்களை எம்.எல்.ஏ. என்றே சொல்கிறார்கள்.

ஒரு எம்.எல்.ஏ. இறந்தாலோ விலகினாலோ என்ன நடக்கும்?

அவைத் தலைவர் இடம் காலி என்று தலைமைத் தேர்தல் அதிகாரிக்குத் தெரிவிப்பார். தேர்தல் அதிகாரி, அந்த உறுப்பினர் எந்தக் கட்சியின் பெயரில் ஜெயித்தாரோ அந்தக் கட்சியில் நியமன அதிகாரியாகப் பதிவானவரைக் கேட்பார். அவர் ஒரு பெயர் கொடுப்பார். அந்த ஆள் தகுதியானவர்தான், பதவி ஏற்கச் சம்மதம்தான் என்று உறுதியானதும் அவரே புது எம்.எல்.ஏ. அவையின் உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தான் யூனியனிஸ்டா (பிரிட்டனோடு இருப்போம் என்பவர்) நேஷனலிஸ்டா (அயர்லாந்தோடு சேர்வோம் என்பவர்) இரண்டும் இல்லாத 'மற்றவர்' வகையா என்றும் அதில் எழுதிவிட்டு, போய் உட்கார வேண்டியதுதான். வாக்குச்சாவடி கிடையாது, பிரசாரம் கிடையாது. இதைக் கோ-ஆப்ஷன் என்கிறார்கள். விலகலும் வருகையும் ஒரே வாரத்தில் முடிந்துபோவதும் உண்டு.

மக்கள் ஓட்டே இல்லாமல் எம்.எல்.ஏ.வா? இது எந்த ஊர் ஜனநாயகம்?

இடைத்தேர்தல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அங்கே ஓட்டு எண்ணும் முறை தெரிந்தால் கோபம் பாதியாகக் குறையும். (மீதிப் பாதி குறைய வேண்டியதில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.)

வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். ஐந்து இடங்களுள்ள தொகுதியில் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினால், அதாவது கிட்டத்தட்ட 17 சதவீதம் கிடைத்தால், ஓர் இடம் நிச்சயம். தொகுதியில் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கும் குரல் கிடைக்கட்டும் என்பதற்காகவே வைத்த ஏற்பாடு இது. இப்போது அந்த 17 சதவீதத்தில் ஜெயித்தவர் இறந்துபோகிறார், அந்த ஒரே இடத்துக்கு இடைத்தேர்தல் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடம் என்றால் ஜெயிக்கப் பாதிக்கு மேல் வேண்டும். தொகுதியின் பெரும்பான்மைச் சமூகம் அந்த இடத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு மரணமோ ஒரு ராஜினாமாவோ, பொதுத்தேர்தலில் ஒரு சமூகத்துக்குக் கிடைத்த பிரதிநிதித்துவத்தை அழித்துவிடும்.

பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களும் (யூனியனிஸ்ட்) அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்களும் (நேஷனலிஸ்ட்) முப்பது வருட ரத்தக்களரிக்குப் பிறகு உட்கார்ந்து பங்கு பிரித்த இடம் அது. அங்கே அந்தக் கணக்கு தற்செயலாகக் கலைவதை யாரும் விரும்பவில்லை.

இது வெறும் பயமா, இல்லை நிஜமாகவே அப்படி நடந்ததா?

நடந்தது. 1982-ல் லண்டன் ஒரு சட்டமன்றத்தை அமைத்தது, 78 உறுப்பினர்கள், இதே விருப்ப வாக்கு முறை. ஆனால் காலியிடத்துக்கு இடைத்தேர்தல். அர்மா தொகுதியில் நேஷனலிஸ்ட் கட்சியான எஸ்.டி.எல்.பி.யின் சீமஸ் மாலன் ஜெயித்தார். அவர் அப்போது டப்ளினில் அயர்லாந்து மேலவையிலும் உறுப்பினர். அதைக் காரணம் காட்டி அவர் தேர்வு செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். 1983-ல் இடைத்தேர்தல். எஸ்.டி.எல்.பி. அந்த அவையையே புறக்கணித்துக்கொண்டிருந்த நேரம். அந்த இடம் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சிக்குப் போனது. நேஷனலிஸ்ட் வாக்காளர்கள் வாங்கிய இடம் நேரே எதிர்த்தரப்பின் மடியில். அதே மாலன்தான் 1998-ல் புது அவையின் முதல் துணை முதலமைச்சர் ஆனார்.

1998-லிருந்தே கட்சிதான் பெயர் கொடுக்கிறதா?

இல்லை. முதலில் மாற்றாள் பட்டியல் முறை இருந்தது. வேட்புமனு கொடுக்கும்போதே ஒவ்வொரு வேட்பாளரும் 'நான் போனால் இவர், அவரும் முடியாவிட்டால் இவர்' என்று சில பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 2000-ல் ஜான் ஹியூம் உடல்நிலை காரணமாகச் சட்டமன்றத்தை விட்டபோது ஆனி கோர்ட்னி வந்தது அப்படித்தான். 2007 ஜனவரியில் டேவிட் எர்வின் திடீரென்று இறந்தபோது டான் பர்விஸ் வந்ததும் அப்படித்தான்.

கஷ்டம் எங்கே என்றால், மனு கொடுத்த அன்றே பட்டியல் உறைந்துவிடும். மூன்று நான்கு வருடம் கழித்து அதில் இருப்பவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், கட்சியோடு சண்டை போட்டிருப்பார். பட்டியல் தீர்ந்தால் இடைத்தேர்தல் என்பது விதி, அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடும். 2009-ல் விதியை மாற்றி, கட்சிக்காரர் இடம் காலியானால் கட்சியின் நியமன அதிகாரியே அந்த நேரத்தில் ஆளைச் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். கட்சிகளுக்கு வசதி கூடியது. வாக்காளருக்கு? பழைய பட்டியலில் யார் பெயர் இருந்தது என்பது அவருக்கும் தெரியாதுதான், ஆனால் தேர்தலுக்கு முன்பே எழுதியாவது வைத்திருந்தார்கள்.

சுயேச்சைக்கு ஏது கட்சி?

சுயேச்சைகளுக்குப் பழைய பட்டியல் முறையே தொடர்கிறது. இதற்கு நல்ல உதாரணம் கிழக்கு லண்டன்டெரி தொகுதி. டேவிட் மக்லார்ட்டி 2011-ல் அங்கே சுயேச்சையாக ஜெயித்து 2014 ஏப்ரலில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் அவரிடம் வேலை பார்த்த கிளேர் சக்டன், அப்போது வயது இருபதுகளில். 2016 தேர்தலில் சொந்தமாக நின்று ஜெயித்தார், அந்த மே மாதமே நீதித்துறை அமைச்சரும் ஆகிவிட்டார். பின்வாசல் வழியாக வந்தவர்கள் எல்லாம் சொத்தை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது.

இடைத்தேர்தல் சட்டத்திலேயே இல்லையா?

இருக்கிறது. பதிலாள் யாரும் கிடைக்காத நிலைக்கு அதுதான் கடைசி வழி. 1998-லிருந்து ஒரு தடவைகூட அந்த நிலைக்குப் போனதில்லை.

கட்சி யாரை வேண்டுமானாலும் அனுப்பலாமா? தேர்தலில் நின்றவராக இருக்க வேண்டாமா?

வேண்டாம். அடுத்த அதிக வாக்கு வாங்கியவர் என்ற பேச்சே இல்லை. தொகுதிக்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2020 ஜனவரியில் தெற்கு பெல்ஃபாஸ்ட் எஸ்.டி.எல்.பி. இடத்துக்கு வந்த மேத்யூ ஓ'டூல் அதற்கு முன் லண்டனில் பிரதமர் அலுவலகத்தின் ஊடகப் பிரிவில் இருந்தவர். 2022-ல் மக்கள் முன் நின்று ஜெயித்தார். 2024-ல் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர்.

இன்னும் வேடிக்கை வேண்டுமா? 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்ட் கட்சியான டி.யு.பி.யின் கிறிஸ்டோபர் ஸ்டால்ஃபோர்ட் 39 வயதில் இறந்தார், தெற்கு பெல்ஃபாஸ்ட் இடம் காலி. பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை. எட்வின் பூட்ஸ் ஏற்கெனவே லேகன் வேலி தொகுதியின் எம்.எல்.ஏ., முந்தைய வருடம் சில வாரங்கள் கட்சித் தலைவராகவே இருந்தவர். வரப்போகும் தேர்தலுக்கு வேறொரு தொகுதியில் சீட் கேட்டுக் கிடைக்காமல் இருந்தார். அவர் தன் இடத்தை ராஜினாமா செய்துவிட்டு ஸ்டால்ஃபோர்ட் இடத்துக்குத் தாவினார். உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ.வே தொகுதி மாறி உட்காரலாம், நடுவில் ஒரு வாக்காளரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. மே மாதம் அங்கேயே நின்று ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து அவர்தான் அவைத் தலைவர், காலியிடங்களை அறிவிப்பது இப்போது அவர் வேலை.

இப்படி வந்தவர்கள் பெரிய பதவிக்குப் போனதுண்டா?

உச்சிக்கே போனார்கள். பால் கிவன் 2010-ல் ஜெஃப்ரி டொனால்ட்சன் விட்டுச்சென்ற லேகன் வேலி இடத்துக்கு நியமனமாக வந்தவர். 2021 ஜூனில் முதலமைச்சர்.

எம்மா லிட்டில்-பெங்கெலி கதை அதைவிட நீளம். 2015-ல் தெற்கு பெல்ஃபாஸ்டில் ஜிம்மி ஸ்ப்ராட் ஓய்வு பெற, அந்த இடத்துக்கு முதல் முறை நியமனம். 2016-ல் ஜெயித்தார், 2017 மார்ச்சில் தோற்றார், மூன்றே மாதத்தில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு எம்.பி. ஆனார், 2019-ல் அதையும் இழந்தார். அப்புறம் 2022 மே. டி.யு.பி. தலைவராக இருந்த டொனால்ட்சன் லேகன் வேலியில் 12 ஆயிரத்துக்கும் மேல் முதல் விருப்ப வாக்கு வாங்கி ஜெயித்தார், ஜெயித்த கையோடு 'நான் எம்.பி.யாகவே இருந்துகொள்கிறேன்' என்று சட்டமன்றத்தில் கால் வைக்காமலே இடத்தை விட்டார். அங்கே வந்தவர் லிட்டில்-பெங்கெலி. அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் அவர் வேட்பாளரே இல்லை. 2024 பிப்ரவரியில் நேஷனலிஸ்ட் கட்சியான ஷின் ஃபேனின் மிஷேல் ஓ'நீல் முதலமைச்சராக, இவர் துணை முதலமைச்சர் ஆனார். அங்கே இரண்டு பதவிக்கும் அதிகாரம் சமம், பெயரில்தான் துணை.

யாரோ இறந்தபோது பதிலாள் அனுப்புவது ஒன்று. தலைவர் பெயரைப் போட்டு ஓட்டு வாங்கிவிட்டு ஒரு வாரத்தில் வேறு ஆளை அனுப்புவது வேறு. சட்டம் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. என்னைக் கேட்டால், ஜெயித்த ஆறு மாதத்துக்குள் தானாக விலகினால் மட்டும் கட்சிக்கு இந்தச் சலுகை கிடையாது என்று ஒரு வரி சேர்க்கலாம். கட்சிகள் சேர்க்கப்போவதில்லை, எல்லோருக்கும் இது வசதியாக இருக்கிறது.

எம்.பி. ஆனால் எம்.எல்.ஏ. பதவியை விட்டே ஆக வேண்டுமா?

ஆமாம். முன்பு இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம்; அயன் பெய்ஸ்லி, ஜெரி ஆடம்ஸ், பீட்டர் ராபின்சன் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ஊரில் இரட்டை வேலை என்று திட்டுவார்கள். 2014-ல் லண்டன் சட்டம் போட்டு, 2016 சட்டமன்றத் தேர்தலோடு அது முடிந்தது. அயர்லாந்து கீழவை உறுப்பினர்களுக்கும் அதே தடை. 2022 தொடக்கத்தில் கொஞ்ச காலத்துக்கு மட்டும் இரட்டை வேலையைத் திரும்ப அனுமதிக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு ஒரு முயற்சி செய்தது, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. டொனால்ட்சன் மே மாதம் ஒன்றை விட வேண்டி வந்தது அதனால்தான்.

இந்தத் தடை வந்த பிறகு நாடாளுமன்றத் தேர்தல் வந்தாலே ஸ்டோர்மாண்டிலும் நாற்காலி மாறும். 2019 டிசம்பரில் கோலம் ஈஸ்ட்வுட், கிளேர் ஹனா, ஸ்டீஃபன் ஃபேரி எம்.பி. ஆனார்கள், மூன்று இடங்களும் நியமனத்தில் நிரம்பின. ஃபேரி இடத்துக்கு வந்த ஆண்ட்ரூ மியூர் 2024-ல் வேளாண் அமைச்சர்.

2024 ஜூலையில் என்ன நடந்தது?

நான்கு எம்.எல்.ஏ.க்கள் எம்.பி. ஆனார்கள். லேகன் வேலியில் அலையன்ஸ் கட்சியின் சோர்ச்சா ஈஸ்ட்வுட். அவர் இடத்துக்கு மிஷேல் கை. வட டவுனில் அலெக்ஸ் ஈஸ்டன், அவரைப் பற்றிக் கடைசியில். மற்ற இரண்டும் ஒரே தொகுதி, வட ஆன்ட்ரிம். டி.யு.வி. கட்சியின் ஜிம் அலிஸ்டர் அதே வட ஆன்ட்ரிமில் அயன் பெய்ஸ்லி ஜூனியரை 450 வாக்கில் வீழ்த்தினார், அந்தக் குடும்பம் 1970-லிருந்து வைத்திருந்த தொகுதி அது. அவருடைய சட்டமன்ற இடத்துக்கு டிமதி காஸ்டன் வந்தார். அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் ராபின் ஸ்வான் பக்கத்துத் தெற்கு ஆன்ட்ரிமில் எம்.பி. ஆனார், வட ஆன்ட்ரிமில் அவர் விட்ட இடத்துக்குக் காலின் கிராஃபோர்ட்.

அந்த ஒரு நியமனம் கட்சிக்குள் புகைந்தது. கட்சித் தலைவர் டக் பீட்டி ஆகஸ்டில் பதவியை விட்டபோது, ஸ்வான் இடத்துக்கு யார் என்ற உரசலையும் அதோடு சேர்த்தே பேசினார்கள். கிராஃபோர்டும் நிலைக்கவில்லை; 2025-ல் அவர் போய் முன்னாள் போலீஸ் அதிகாரி ஜான் பரோஸ் வந்தார். ஆக, அலையன்ஸ் கட்சிக்கு நியமனத்தில் வந்த ஷான் மல்ஹாலந்தையும் சேர்த்தால், வட ஆன்ட்ரிமின் ஐந்து பேரில் மூன்று பேர் 2022 தேர்தலில் ஒரு ஓட்டும் வாங்காதவர்கள், அதில் ஒரு நாற்காலி இரண்டு கை மாறியது.

கட்சி மாறினால் இடம் போய்விடுமா?

போகாது. கட்சித்தாவல் தடைச் சட்டம் அங்கே இல்லை. 2003 நவம்பர் தேர்தலில் டி.யு.பி. 30, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் 27. சில வாரங்களில் ஜெஃப்ரி டொனால்ட்சன், ஆர்லீன் ஃபாஸ்டர், நோரா பியர் மூவரும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார்கள். 33-க்கு 24 ஆனது. இரண்டு கட்சிக்கும் நடுவே இருந்த இடைவெளி மூன்று மடங்கு. அந்த ஃபாஸ்டர்தான் பின்னால் டி.யு.பி.யின் முதலமைச்சர்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். எம்.எல்.ஏ. விலகினால் 'இடம் கட்சியுடையது, ஓட்டு கட்சிக்குப் போட்டது' என்று சொல்லிக் கட்சி ஆள் அனுப்புகிறது. அதே எம்.எல்.ஏ. கட்சி தாவினால் 'இடம் ஆளுடையது, ஓட்டு அவருக்குப் போட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்? சமூகக் கணக்கைப் பாதுகாக்கத்தான் கோ-ஆப்ஷன் என்றால் யூனியனிஸ்டிலிருந்து யூனியனிஸ்டுக்குத் தாவுவதில் அந்தக் கணக்கு கெடுவதில்லை என்று ஒரு பதில் சொல்வார்கள். கட்சிக்கணக்கு கெடுகிறதே.

அப்படியானால் தாவலில் அமைச்சர் பதவிகளும் மாறுமா?

மாறாது. அமைச்சர் பதவிகளைக் கட்சிகளின் இடங்களை வைத்து ஒரு சூத்திரப்படி பங்கு போடுகிறார்கள். அதற்கு எடுக்கும் எண்ணிக்கை தேர்தலுக்குப் பின் அவை முதன்முதலாகக் கூடிய நாளின் எண்ணிக்கை. அதற்குப் பின் யார் எங்கே போனாலும் அந்த எண் அசையாது.

ஓர் ஆள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவதில் அப்படி என்ன இருக்கிறது?

2001 நவம்பரைப் பாருங்கள். முதலமைச்சராக டேவிட் டிரிம்பிளைத் திரும்பத் தேர்ந்தெடுக்க யூனியனிஸ்டுகளிலும் பாதிக்கு மேல் வேண்டும், நேஷனலிஸ்டுகளிலும் பாதிக்கு மேல் வேண்டும். அவருடைய சொந்தக் கட்சியில் இரண்டு பேர் முரண்டு பிடிக்க, யூனியனிஸ்ட் பக்கம் 29-க்கு 30 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. நான்கு நாள் கழித்து, எந்தப் பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சிக்காரர்கள் மூன்று பேர் 'இன்றைக்கு நாங்கள் யூனியனிஸ்ட்' என்று பதிவேட்டில் மாற்றி எழுதிவிட்டு வாக்களித்தார்கள், டிரிம்பிள் ஜெயித்தார். பின்னால் இப்படி இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவதற்குச் சட்டத்தில் கடிவாளம் போட்டார்கள். ஓர் ஓட்டில் அரசே நிற்கும் விழும் என்றிருக்கும் அவையில் காலியிடத்தை யார் நிரப்புவது என்பது சும்மா நிர்வாக விஷயமாக இருக்காது.

கட்சியே ஆளை விலகச் சொல்லலாமா?

வற்புறுத்தச் சட்டம் இல்லை. ஆனால் விலகினால் இடம் பத்திரம் என்பதால் கட்சிக்குத் தயக்கமும் இல்லை. 2021-ல் ஃபாய்ல் தொகுதியில் ஷின் ஃபேன் தன் இரண்டு எம்.எல்.ஏ.க்களையும், மார்ட்டினா ஆண்டர்சன், கேரன் மல்லன், ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு பாட்ரிக் டெலார்கியையும் கியாரா ஃபெர்குசனையும் கொண்டுவந்தது. அந்தத் தொகுதியின் டெரி நகரில் கட்சிக்கு ஓட்டு சரிந்திருந்தது, அதுதான் பின்னணி. ஆண்டர்சனே முந்தைய வருடம் நியமனத்தில் வந்தவர். அடுத்த வருடத் தேர்தலில் புதியவர்கள் இருவரும் ஜெயித்தார்கள். இடைத்தேர்தல் முறை இருந்தால் எந்தக் கட்சியும் இதற்குத் துணியாது.

மக்கள் ஒரு எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்க முடியுமா?

முடியாது. எம்.பி.க்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் இருக்கிறது. அது முதல் தடவை பிரயோகமானதும் வட ஆன்ட்ரிமில்தான்: 2018-ல் பெய்ஸ்லி ஜூனியருக்கு எதிராக. பத்து சதவீதக் கையெழுத்து வேண்டும், 9.4-ல் நின்றுவிட்டது.

அவை முடங்கிக் கிடக்கும்போது?

அப்போதும் நியமனம் நடக்கும். 2017 ஜனவரியிலிருந்து மூன்று வருடம் அவை இயங்கவில்லை, ஆனாலும் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். வேலையே நடக்காத அவைக்குப் புது உறுப்பினர்! தொகுதி அலுவலகம் மட்டும் நடத்தினார்கள். 2022-லிருந்து இரண்டு வருடம் மறுபடி முடங்கியபோது எம்.எல்.ஏ. சம்பளத்தில் 27.5 சதவீதத்தை வெட்டினார்கள், அப்போதும் காலியிடம் நிரம்புவது நிற்கவில்லை.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இதே கதையா?

இல்லை. ஸ்காட்லாந்தில் 129 பேரில் 73 பேர் தொகுதிக்காரர்கள், அவர்கள் இடம் காலியானால் நேரடி இடைத்தேர்தல். 2025 ஜூனில் ஹாமில்டன் தொகுதியில் நடந்தது. மீதி 56 பேர் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள், அங்கே பட்டியலில் அடுத்தவர் வருவார். பட்டியல் இடத்தில் சுயேச்சை இருந்தால் காலியாகவே கிடக்கும், மார்கோ மக்டொனால்ட் 2014-ல் இறந்த பிறகு இரண்டு வருடம் அந்த நாற்காலி அப்படியே கிடந்தது. வேல்ஸ் 2026 மே தேர்தலிலிருந்து 96 பேர் கொண்ட முழுப் பட்டியல் முறைக்குப் போகிறது, அதோடு அங்கே இடைத்தேர்தலும் முடிவுக்கு வருகிறது. 2025 அக்டோபரில் பிளைட் கம்ரி கட்சி ஜெயித்த கேர்ஃபிலி இடைத்தேர்தல்தான் பழைய முறையின் கடைசி. இரண்டு ஊரிலும் பட்டியல் இடத்துக்கு அடுத்து வருபவர் யார் என்பது தேர்தல் நாளன்றே வாக்காளருக்கு அச்சில் தெரியும். வட அயர்லாந்தில் அது தெரியாது, எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

சரி, இத்தனை பேர் மாறியும் கட்சிகளின் பலம் மாறியதா?

2022-ல் ஷின் ஃபேன் 27, டி.யு.பி. 25, அலையன்ஸ் 17, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் 9, எஸ்.டி.எல்.பி. 8, டி.யு.வி. 1, பீப்பிள் பிஃபோர் பிராஃபிட் 1, சுயேச்சை 2. 2024 ஜூலையில் போன நால்வரில் மூன்று பேரின் இடம் அதே கட்சியிலேயே நின்றது. மாறியது அலெக்ஸ் ஈஸ்டன் இடம் ஒன்றுதான். அவர் முன்பு டி.யு.பி.யில் இருந்து விலகிச் சுயேச்சையாக ஜெயித்தவர். அவருடைய மாற்றாள் பட்டியலிலிருந்து வந்த பீட்டர் மார்ட்டின் டி.யு.பி.காரர். டி.யு.பி. 26, சுயேச்சை 1. அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2027 மே மாதம்.